கூட இருந்தவர்கள் ஏன் ஓடினார்கள்?

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மழை விடாததால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது, கடையிலும் கூட்டமில்லை. ஆனாலும் உடனே பதில் எழுத முடியவில்லை, நீ எழுதியிருந்த விஷயம் அப்படி. அம்மாவுக்கு முட்டுவலி தவிர வேறு குறை இல்லை. உங்கள் வீட்டுப் பிலாவில் இந்த வருஷம் சக்கை தாராளம். உன் தம்பி எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்து போட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கனடாவில் போதை ஊசி போடுகிறவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, சுத்தமான ஊசியும் கொடுத்து, பக்கத்தில் உன்னைப் போன்ற நர்ஸை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நீ எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "இதுக்கா பிள்ளைகளை நர்சிங் படிக்க வெச்சு அனுப்புறோம்?" என்றாள் உன் மதினி. வான்கூவரில் 2003 முதல் நடக்கும் 'இன்சைட்' என்ற அப்படிப்பட்ட இடத்தில் போதை அளவு மீறி மூச்சு திணறி விழுந்தவர்கள் எத்தனையோ பேர், அங்கேயே செத்தவர் ஒருவரும் இல்லை என்ற வரி வந்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

நம் ஊர்க் கதை வேறு. உங்கள் மாகாணம் 2016இல் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குக் கொண்டுபோன ஃபென்டனைல் என்ற அபின் வகை மருந்து இங்கே பேச்சில்கூட இல்லை. இங்கே முதலில் சாராயம்தான். எய்ம்ஸ் எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் குடிப்பவர்கள் 16 கோடி, அபின் வகை போதையைத் தொட்டவர்கள் 2.26 கோடி என்று இருந்தது. அந்த இரண்டாவது கூட்டத்தின் வாசல் பல நேரம் என்னைப் போன்றவர்களின் மருந்துக் கடைதான். அபின் வகை வலிமாத்திரையான டிரமடாலை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் கவுண்டரில் அதே வகையான டேபென்டடால் கேட்டு வரும் முகங்கள் கூடின. மடித்து மடித்துக் கிழிந்துபோன பழைய சீட்டைக் காட்டி "அப்பாவுக்கு முதுகுவலி" என்பார்கள். நான் கொடுப்பதில்லை. கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

விழுங்குவதற்கு எழுதிய மாத்திரையை இடித்துக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் சேர்க்கும் மாவுப்பொருள் நரம்பை அடைத்துக் கையெல்லாம் சீழ் கட்டுகிறது. ஒரே ஊசி நாலு பேரிடம் சுற்றினால் ஹெபடைடிஸ் சி. அதற்கு 2018 முதல் அரசாங்கம் இலவச மருந்து கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் ஈரல் கெட்டபிறகுதானே அந்தப் பையன் போவான்? அதனால் மாத்திரையை மறுக்கும் நான், புது சிரிஞ்ச் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். பக்கத்துக் கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "நீயே ஊற்றிக் கொடுக்கிறாயே" என்றார். நான் கொடுக்காவிட்டால் அவன் வீட்டுக்குப் போய் ஜெபம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவானா என்று கேட்டேன். அதிலிருந்து அவரோடு பேச்சுவார்த்தை குறைவு.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ரப்பர் தோட்டத்து ஷெட்டில் நாலு பையன்கள். ஒருவன் ஊசி போட்டுச் சாய்ந்தவன் பெரிதாகக் குறட்டை விட்டிருக்கிறான். நன்றாகத் தூங்குகிறான் என்று மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அது தூக்கமல்ல, மூச்சு திணறுகிற சத்தம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொஞ்ச நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றை வாயில் பிழிந்தார்களாம். மயங்கிக் கிடப்பவன் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். உதடு கறுத்த பிறகுதான் பயம் வந்தது. பைக்கில் நடுவே உட்காரவைத்து ஓர் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். என்ன போட்டான், எப்போது போட்டான் என்று டாக்டரிடம் சொல்ல ஆள் இல்லை. பிழைக்கவில்லை.

ஊரே அந்த மூன்று பேரைத் திட்டுகிறது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நின்றிருந்தால் முதலில் போலீஸ், அப்புறம் கேஸ், அதோடு வளைகுடா வேலைக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது. இதைத்தான் யோசித்திருப்பார்கள். நம் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவன் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. கூட இருந்தவன் 108க்குப் போன் அடித்தால் அவனைக் காப்பாற்ற ஒரு வரியும் இல்லை. உங்கள் கனடாவில் 2017இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த அறையல்ல, இந்தச் சட்டம்தான்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிதல்ல. நாம் படித்த காலத்தில் களியக்காவிளை ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் கூட்டம் நின்று பார்க்கும், தூக்காது. தூக்கினால் சாட்சிக்கு அலைய வேண்டும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, தூக்கிக்கொண்டு போகிறவன்மேல் வழக்கு இல்லை, பெயர்கூடச் சொல்ல வேண்டாம் என்று வைத்தார்கள். 2021இல் நம் மாநிலத்தில் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்து முதல் 48 மணி நேரச் செலவையும் அரசு ஏற்றது. இப்போது ஆட்டோக்காரர்கள் தயங்காமல் ஏற்றிக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி விழுந்தவனையும் இதே சட்டத்தின்கீழ்தான் தூக்குகிறார்கள், அவன் யோக்கியனா என்று யாரும் கேட்பதில்லை. ஷெட்டில் கிடந்தவனுக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

அபின் வகை போதையில் அடங்கும் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நலோக்ஸோன் மருந்து பற்றிக் கேட்டிருந்தாய். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஊசி மருந்தாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கையிலேயே கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம். இங்கே என் அலமாரியில் அதற்கு இடமே வந்ததில்லை. ஒரு சந்தேகமும் உண்டு. நம் பையன்கள் டேபென்டடாலோடு நைட்ரஸிபாம் என்ற தூக்க மாத்திரையையும் பிராந்தியையும் சேர்க்கிறார்கள், அவற்றை நலோக்ஸோன் தொடாது. கொடுத்தால் கெடுதல் இல்லை என்பதால் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அரை மணி, ஒரு மணியில் அதன் வேகம் குறைந்து மறுபடி மூச்சு அடங்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சுற்றிச் சுற்றி அந்த 108 போனில்தான் வந்து நிற்கிறது.

இன்னொன்று. பெற்றோர் பிள்ளையைப் போதை மறுவாழ்வு சென்டரில் மூன்று மாதம் போட்டுத் திரும்பக் கூட்டிவரும்போது எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்போதுதான் பயம். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், அவன் பழைய அளவை மறந்திருக்க மாட்டான். பழைய அளவையே ஏற்றினால் கதை முடிந்தது. இந்தச் செய்தியை ஒரு தகப்பனிடம் சொன்னேன். "திரும்பப் போடுவான் என்று நீங்களே சொல்லாதீங்க அண்ணே" என்று எழுந்து போய்விட்டார்.

எங்கள் பங்குத்தந்தை ஞாயிறு பூசைக்குப் பிறகு இளைஞர் இயக்கத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார். தலைப்பு 'போதை ஒழிப்பு' என்று வைத்திருக்கிறார், நான் மறுக்கவில்லை. மேடையில் ஏறி, குறட்டை விட்டால் என்ன, எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எப்படி ஊதுவது என்று செய்தே காட்டப் போகிறேன். நீங்கள் அங்கே பயிற்சியில் கொடுக்கும் படம் போட்ட துண்டுத்தாள் இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. சனிக்கிழமைக்குள் வந்தால் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்