140 பைட்டுக்குள் ஒரு பிராசஸர்

மாப்ளே செந்தில்,

நல்லா இருக்கிறாயா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, குண்டு மணி இன்னும் அதே பைக்கில்தான் வேலைக்கு வருகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் விதியை அதற்குள் எப்படி ஓட்டுவது என்று முதலாளி வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்கிறார், நீயோ பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு 'ரிஸ்க்-ஃபைவ் எமுலேட்டர் போடுடா, ஜிசிசி சும்மா கிடைக்குது' என்று ஒரு வரி தட்டிவிட்டுப் போய்விட்டாய். அதாவது எங்கள் சிப்பை ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறொரு பிராசஸர் மாதிரி மென்பொருளால் நடிக்க வை, சி மொழியில் எழுதியதை ஜிசிசி கம்பைலர் அதன் கட்டளைகளாக மாற்றித் தரும் என்கிறாய்.

எங்கள் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி உனக்குத் தெரியும். கிணற்று மேட்டில் தொங்கும், உள்ளே சிம் கார்டு, ஏடிமெகா328 என்ற ஒரு சின்னச் சிப். நிரல் உட்காரும் ஃபிளாஷ் 32 கேபி, ஓடும்போது பயன்படும் ரேம் 2 கேபி. தொல்லை என்னவென்றால் ஊருக்கு ஒரு விதி. பல்லடம் டீலர், ஆம்பியர் இறங்கினால் கிணறு வற்றிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் போடு என்கிறார். ஒட்டன்சத்திரத்துக்காரர், எங்கள் ஆட்கள் கெபாசிட்டர் போட்டு இரண்டு ஃபேஸிலேயே ஓட்டுவார்கள், ஒரு ஃபேஸ் போனதற்கெல்லாம் நிறுத்தாதே என்கிறார். ஒவ்வொன்றுக்கும் யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் நான். விதியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடலாம் என்று யோசனை வந்தது அப்படித்தான்.

ஆனால் இந்தச் சிப் ரேமில் இருப்பதை ஓட்டாது, ஃபிளாஷில் இருப்பதை மட்டும்தான் ஓட்டும். ஃபிளாஷைத் தூரத்திலிருந்து எழுதும்போது பாதியில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று நம் ஊர் கரன்ட்டை வைத்து நீயே சொல். ஆக விதி, கரன்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் என்ற தனி மெமரியில் உட்காரும், ஃபிளாஷில் ஒரு இன்டர்பிரட்டர் அதைப் படித்து ஓட்டும். நொடிக்கு ஒரு தடவை ஓடினால் போதும், நூறு மடங்கு மெதுவானாலும் மோட்டாருக்குத் தெரியப்போவதில்லை.

தயாராகக் கிடைப்பவற்றைப் பார்த்தேன். மைக்ரோபைத்தான் 256 கேபி இடம் கேட்கிறது, வாசலிலேயே வணக்கம். வெப்அசெம்ப்ளியில் மெமரியே 64 கேபி பக்கங்களாகத்தான் வரும். லுவா நல்ல பிள்ளை, 2 கேபிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும். மிச்சம் உன் ரிஸ்க்-ஃபைவ்தான், அதைச் சும்மா தள்ளவில்லை, உட்கார்ந்து பார்த்தேன். கணக்குப் போடும் எண்களை வைக்கும் ரிஜிஸ்டர் 32, ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 128 பைட் ரேம், தாங்கும். ஆனால் நிரலில் வேறு இடத்துக்குத் தாவுகிற அந்த ஜேஏஎல் கட்டளையைப் பார்த்தாயா? தாவ வேண்டிய தூரத்தைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள்: முதலில் 20-ஆவது பிட், அப்புறம் 10 முதல் 1 வரை, அப்புறம் 11, கடைசியில் 19 முதல் 12 வரை. சிலிக்கானில் அது வெறும் கம்பி இழுக்கிற வேலை. நம்மிடம் இருப்பதோ ஒரு தடவைக்கு ஒரு பிட் மட்டும் நகர்த்தத் தெரிந்த எட்டு பிட் சிப், அதை வைத்து 32 பிட்டைப் பிரித்து அடுக்கச் சொன்னால் அழுதுவிடும். நீ 2012-ல் டிமிட்ரி கிரின்பெர்க் நம் சிப்பின் ஏவிஆர் குடும்பத்துச் சிப் ஒன்றில் எமுலேட்டர் போட்டு லினக்ஸ் ஓட்டிக் காட்டியதைச் சொல்வாய், தெரியும். அவர் பெரிய சிப், பழைய கம்ப்யூட்டர் மெமரி எல்லாம் வைத்து ஓட்டினார், அதுவும் பூட் ஆக இரண்டு மணி நேரம். பயிர் அதற்குள் காய்ந்துவிடும்டா.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான். ரிஸ்க்-ஃபைவில் கட்டளைக்கு 4 பைட் என்றால் 35 கட்டளை, அதில் ஜிசிசி முன்னும் பின்னும் சேர்ப்பதும் அடக்கம். இரண்டு மெசேஜாகப் பிரித்தால் ஒன்று வரும், மற்றது மறுநாள் வரும்.

எனக்குப் பிடித்திருப்பது ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதிய ஸ்வீட்16. அதில் இருந்த 6502 பிராசஸர் எட்டு பிட், அதன் மேல் 16 பிட் கற்பனைப் பிராசஸர், மொத்தமே சுமார் 300 பைட், கட்டளைகளில் பெரும்பாலானவை ஒரே பைட். அதே பாணியில் நானே ஒன்று வரைந்தேன். பல்லடம் விதி 20 பைட்டுக்குள் அடங்கிவிட்டது, அதைப் பார்த்ததிலிருந்து குண்டு மணி என்னை 'சார்' என்று கூப்பிடுகிறான். சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு டிரிப்பை இதற்குள் விடவில்லை, அது ஃபிளாஷில் சி நிரலாகவே இருக்கும். எந்த விதியும் 200 கட்டளை தாண்டினால் அந்த நொடிக்கு நிறுத்தம். தப்பான மெசேஜால் ஒருத்தர் மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் செலவு அவருடையது, ஒரு வாரத் தண்ணீரும் போச்சு.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. ரிஸ்க்-ஃபைவ் என்றால் நான் வேலையை விட்டாலும், எனக்கு ஏதாவது ஆனாலும், யாரோ ஒரு பையன் வந்து சியில் எழுதிவிடுவான். என் கட்டளைகள் எனக்கும் மணிக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பெட்டிகள் பத்து வருஷம் தொங்கும்டா. இந்த ஒரு இடத்தில் நீ சொல்வது சரி, அதுதான் எரிச்சல்.

மூன்று டீலர் விதிகளையும் சியில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் உன் ஜிசிசியில் அளவைக் குறைக்கும் -ஓஎஸ் போட்டு, ரிஸ்க்-ஃபைவின் 2 பைட் சுருக்கக் கட்டளைகளையும் சேர்த்துக்கொண்டு, அளவு சொல். மூன்றும் தனித்தனியே 140-க்குள் வந்தால் அந்த ஜேஏஎல் கண்றாவியை நானே எழுதுகிறேன். வராவிட்டால் நீ தோற்றாய், இனிமேல் ரிஸ்க்-ஃபைவ் பற்றிப் பேசக்கூடாது.

அன்புடன்,
பாலு