ஞாயிறு பிற்பகலுக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூரில் எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் அன்றாடம் புழங்குகின்றன. எங்கள் வீட்டிலேயே மாமியார் தெலுங்கில் கேட்பார், மருமகள் தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் அதில் சிரமம் இருந்ததில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் வீடு இரண்டாகப் பிரிகிறது.

விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பெரும் வசதியாகும் என்று நினைத்தேன். ஆனால் கேபிள்காரர் நீட்டும் பட்டியலில் தொகுப்புகள் மொழிவாரியாகவே கட்டப்பட்டிருக்கின்றன; தமிழ்த் தொகுப்பு எடுத்தவர் தெலுங்கு, கன்னடச் சேனல்களைத் தனித்தனியாகச் சேர்த்து, அவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்படி வாங்கிய சேனலை அந்த மொழி அறியாதவர் கூட உட்கார்ந்து பார்க்கத் திரையில் ஒரு வரித் தமிழ்கூட வருவதில்லை என்பதே என் குறை.

1980களில் நிலைமை வேறாக இருந்தது. இருந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான். எங்கள் ஊர் ஆன்டெனாக்களோ சென்னையை விட்டுப் பெங்களூருவை நோக்கித் திரும்பியிருந்தன. ஞாயிறு பிற்பகலில் தேசிய ஒளிபரப்பில் விருது பெற்ற மாநில மொழிப் படங்கள் ஆங்கில சப்டைட்டிலுடன் வரும். வங்காளமும் ஒடியாவும் அசாமியமும் எப்படி ஒலிக்கும் என்பதை நான் அறிந்தது அந்தப் பிற்பகல்களில்தான். தமிழ்ப் படத்தின் முறை எப்போதாவதுதான் வரும் என்று அன்று அலுத்துக்கொண்டோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாத என் தாயார், நான் வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லக் கதையைத் தொடர்ந்து வந்தார்.

இன்று பிறமொழிப் படங்கள் தமிழில் டப்பிங் செய்யப்பட்டு ஏராளமாக வருகின்றன என்று சிலர் சொல்லக்கூடும். வருகின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலும் சண்டைப் படங்களே மிகுதி. மேலும், டப்பிங் செய்யும்போது மொழியே மறைந்துவிடுகிறது. ஆந்திரக் கிராமத்துப் பாட்டி மதுரைத் தமிழ் பேசும்போது கதை புரிகிறதே தவிர, அந்தப் பாட்டி காணாமல் போய்விடுகிறார்.

ஆகவே, 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரிலிருந்து டிடி தமிழ் என மாறிய நம் பொதுத் தொலைக்காட்சிக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு பிற்பகலில் இரண்டரை மணி நேரத்தைப் பிற இந்திய மொழிப் படங்களுக்கு, மூல ஒலியை மாற்றாமல், தமிழ் சப்டைட்டிலுடன் ஒதுக்கலாம். சரக்குக்குப் பஞ்சமில்லை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தானே தயாரித்த படங்கள் பல மொழிகளில் இருக்கின்றன. சந்தனா, சப்தகிரி, யாதகிரி, சஹ்யாத்ரி, டிடி மலையாளம் எனத் தூர்தர்ஷனின் சகோதரச் சேனல்களிலும் நல்ல தொலைப்படங்களும் நாடகங்களும் உண்டு. அரசின் கையிலேயே இருப்பவற்றுக்குப் புதிதாக ஆகும் செலவு பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் ஊதியம்தான். அண்டை மொழிகளிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்கள் ஓசூரிலும் கோவையிலும் நாகர்கோவிலிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டிய தேவையில்லை. காது மந்தமான முதியோருக்கும் இது உதவும்.

ஒரு சிறு விண்ணப்பமும் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளை எழுத்துகள் கதாபாத்திரங்களின் வெள்ளை வேட்டியில் கலந்து மறைந்துவிடும். அந்த இடங்களில் என் தாயாருக்கு நானே வசனம் கட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. இம்முறை எழுத்துகளை மஞ்சள் நிறத்தில், சற்றுப் பெரிதாகவே போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர்