ஒரு மாநிலம், ஒரே வாக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கீதாவுக்கு வேலை நிரந்தரமானதில் எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம். எனக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி பெர்லினில் எல்லோரும் நலம்.

ஜெர்மனியின் மேலவைக்குத் தேர்தலே கிடையாதா என்று கேட்டிருந்தாய். கிடையாது. பூண்டஸ்ராட் என்ற அந்த அவையில் இருப்பவர்கள் 16 மாநிலங்களின் முதல்வர்களும் அமைச்சர்களும்தான். மாநில அரசே அனுப்பும், அதுவே திரும்ப அழைத்துக்கொள்ளும். போன மாதம் லைப்ஸிகர் தெருவுக்குப் போய் அவை நடப்பதைப் பார்த்தேன். ஒரு மாநிலத்தின் சார்பில் ஒருவர் கை தூக்கினால் போதும், அதன் எல்லா வாக்கும் விழுந்துவிடும். மக்கள்தொகையைப் பொறுத்து 3 முதல் 6 வாக்கு, மொத்தம் 69. பிரித்துப் போடக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 51-ஆவது பிரிவு.

இது எவ்வளவு கறாரான விதி என்பது 2002 மார்ச் 22 அன்று தெரிந்தது. குடியேற்றச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. பிராண்டன்பர்க்கின் 4 வாக்கு கிடைத்தால்தான் நிறைவேறும். அங்கே இரண்டு பெரிய கட்சிகளின் கூட்டணி ஆட்சி. மாநிலத்தின் பெயரைக் கூப்பிட்டதும் அமைச்சர் சீல் "ஆம்" என்றார். கூட்டணிக் கட்சியின் அமைச்சர் ஷோன்போம் "இல்லை" என்றார். அவைத் தலைவர் வோவரைட் முதல்வர் ஷ்டோல்பேயைத் தனியாகக் கேட்டார். அவர் முதல்வர் என்ற முறையில் "ஆம்" என்று சொல்ல, அதையே வோவரைட் மாநிலத்தின் வாக்காக எடுத்துக்கொண்டார். அவையில் ஒரே கூச்சல். மாநிலத்தின் வாக்கு ஒன்றுபோல விழவில்லை, அதனால் அந்தச் சட்டமே செல்லாது என்று டிசம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் முதல்வரே ஆனாலும், அந்த அவைக்குள் சக பிரதிநிதியின் வாக்கை அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. கூட்டணிச் சண்டையை ஊரிலேயே முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

எனக்கு வருத்தம் வேறொன்றில். ஒத்துப்போகாவிட்டால் வாக்களிக்காமல் இருப்போம் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அவையின் ஒப்புதல் கட்டாயமான சட்டங்களுக்கு 35 ஆதரவு வாக்கு தேவை. அப்புறம் என்ன, சும்மா இருந்தாலே எதிர்த்த மாதிரிதான். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு அரசு இப்படி வாய் திறக்காமலே ஒரு சட்டத்தைக் கவிழ்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விழுந்த வாக்குகளை மட்டும் எண்ணினால் என்ன? ஆனால் அதற்குச் சாசனத்தைத் திருத்த வேண்டும். அதே அவையில் 46 வாக்கு வேண்டும்.

நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது. கீதாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

அன்புடன்,
ராமு