பேரிங் வண்டிக்கும் கோலப்பொடிக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் ஊர்க் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயக்கம், வேகம் எல்லாவற்றையும் விளையாட்டிலும் ஓவியத்திலும் காட்டக் கைகொடுத்த உங்களுக்குப் பள்ளி ஆசிரியர்களின் நன்றி. கொடுத்த பொருள் என்ன ஆனது என்று தெரிய வேண்டாமா? பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் உதவட்டும் என்று அளவுகளோடு எழுதுகிறோம்.

பழைய பேரிங் மூன்று தந்த மெக்கானிக்குக்கும், அவற்றை இரண்டடிப் பலகையில் பூட்டித் தந்த தச்சருக்கும் முதல் நன்றி. வண்டியில் ஒரு கம்பு நட்டு, அரை லிட்டர் தண்ணீரில் சொட்டு நீலம் ஒரு மூடி கலந்து பாட்டிலில் தொங்கவிட்டோம். அதில் மாட்ட, பிரிக்காத சலைன் குழாய் ஒன்றை ஊசி நீக்கித் தந்தவர் கிராம செவிலியர். 5 நொடிக்கு 10 சொட்டு விழும்படி குழாயில் உள்ள உருளையைத் திருகினால் போதும். பாட்டிலின் மேற்பக்கம் காற்றுத் துளை கட்டாயம்; மறந்தால் பாட்டில் உள்வாங்கிச் சொட்டு நின்றுவிடும். குழாய் நுனி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குள் இருக்கட்டும். உயரத்திலிருந்து விழும் சொட்டு, வண்டியின் வேகத்தையும் வாங்கிக்கொண்டு முன்னே தள்ளிப்போய் விழும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் வண்டியைத் தள்ளாமல் விட்டோம். சொட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி போகப்போக அகன்றது. சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும் என்று, 1638-இல் அச்சான நூலில் இத்தாலிய அறிவியலாளர் கலிலேயோ சொன்ன கணக்கு இதுதான். ஆனால் அந்த எண்கள் அப்படியே வராது. வண்டியை விடும் நொடியும் சொட்டு விழும் நொடியும் ஒத்துப்போகாது. முதல் இடைவெளியை விட்டுவிடுங்கள். மற்றவற்றில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே அளவு கூடியிருக்கும். எங்கள் தளத்தில் அது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு.

இங்கேதான் தையல்கடை அக்காவின் நாடாத் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு நிறத்தில் நாடாவை அளந்து வெட்டி, மேலும் கீழுமாக இணைத்த இரண்டு சார்ட்டில் பக்கம் பக்கமாக ஒட்டினார்கள். நேர் படிக்கட்டு! வகுத்தல் சரியாக வராத பிள்ளையும் முடுக்கத்தை, அதாவது வேகம் கூடிக்கொண்டே போவதை, கண்ணால் பார்த்துவிட்டது. உல்லன் நூல் மட்டும் வேண்டாம். ஒட்டும்போது இழுபட்டு நீளும், படி கோணலாகும்.

பெட்டிக்கடைத் தாத்தா தந்த கோலிகளைத் திரைச்சீலைத் தடத்தின் பள்ளத்தில் உருட்டினோம். ஒரே எடையுள்ள கோலி நேராக மோதினால் மோதியது நின்று மற்றது ஓடும் என்பார்கள். உண்மையில் மோதிய கோலியும் மற்றதைத் தொடர்ந்து மெல்ல முன்னே ஊரும், அதன் சுழற்சி மிச்சமிருப்பதால். இதை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கோலப்பொடி தந்த அம்மாக்களுக்குத் தனி நன்றி. ஊசலாடும் பாட்டிலிலிருந்து பொடி கொட்டி, தரையில் தானே எட்டு வடிவக் கோலம் போட வைத்தோம். அரிசி மாவு ஈரம் இழுத்துத் துளையை அடைக்கும், கல்மாவுதான் சரி. அதையும் வெயிலில் காயவைத்துச் சலிக்க வேண்டும். அடி வெட்டிய பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, மூடியில் பென்சில் முனை நுழையும் அளவு துளை இட்டோம். மேலே கிடையாக உள்ள கம்பியிலிருந்து இரண்டு கயிறு இறங்கி ஒரு முடிச்சில் சேர, அங்கிருந்து பாட்டில் வரை ஒற்றைக் கயிறு. கம்பியிலிருந்து பொடியின் நடுவரை 160 செ.மீ., முடிச்சிலிருந்து 40 செ.மீ. கம்பிக்குக் குறுக்கே ஆடினால் முழு நீளம் ஆடும்: போய்த் திரும்பும் பத்து ஆட்டத்துக்குச் சுமார் 25 நொடி. கம்பியின் போக்கில் ஆடினால் முடிச்சுக்குக் கீழே மட்டும்: ஏறக்குறைய 13 நொடி. நீளம் நான்கு மடங்கு, நேரம் இரண்டு மடங்குதான்.

மூலையாக இழுத்துச் சும்மா விட்டால் வில் வரும், எட்டு வராது. எட்டு வேண்டுமென்றால் கம்பிக்குக் குறுக்கே இழுத்து, விடும்போது பக்கவாட்டில் லேசாக ஒரு தட்டு. ஆட்டம் அடங்க அடங்கக் கோடுகள் உள்ளுக்குள் நெருங்கும். முடிச்சு நழுவினால் கோலம் கலைந்துபோகும். அங்கே ஒரு கிளிப் போட்டுவிடுங்கள். ஜன்னலையும் சாத்துங்கள்.

சல்லடைகளைக் கழுவித் தலைமையாசிரியர் அறையில் வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் விழுந்த நீலம் இரண்டு மழையில் போய்விடும். பேரிங் வண்டியை மட்டும் அரையாண்டுத் தேர்வு முடியும்வரை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பள்ளி ஆசிரியர்கள்