பள்ளிச் சுவரில் உள்ள வெள்ளக்கோடு குறித்துப் பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வரும் கோடை விடுமுறையில் பள்ளிக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை நடைபெற இருக்கிறது. சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், நான்காம் வகுப்பறையின் உட்சுவரில் 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுச்சென்ற பழுப்புக் கோட்டையும் சேர்த்து மறைத்துவிட வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அந்த இரவு நினைவுக்கு வருகிறது என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே சுவர் முழுவதும் வண்ணம் பூசப்படும். ஆனால் கோடு மறைவதற்கு முன்பாக அதன் உயரத்தை முறையாக அளந்து, முன்வாசல் தூணில் ஒரு சிறிய கருங்கல்லில் பொறித்துப் பதிக்க ஆசிரியர்கள் அனைவரும் விரும்புகிறோம். அதற்கான காரணத்தையும், உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டிய உதவியையும் தெரிவிக்கவே இக்கடிதம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த மழை ஏறத்தாழ 95 செ.மீ. என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மழையோடு தாமிரபரணியின் வெள்ளமும் சேர்ந்து வந்தபோது நம் ஊரில் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று இப்போது கேட்டால், ஒருவர் இடுப்பளவு என்கிறார், ஒருவர் கழுத்தளவு என்கிறார். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் விடைகள் இன்னும் விலகிப்போகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. இடுப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. தார்ச்சாலையோ பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடப்பட்டு ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டு போகிறது. 1992-இல் தரையிலிருந்து நான்கடி என்று சொன்ன அதே தரை இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், சான் ரெமிஜியோ என்னும் தெருவின் முனையில் ஒரு சுவரில் பதித்த பழைய கல் ஒன்று இருக்கிறது. 1333 நவம்பர் 4, வியாழக்கிழமை இரவு, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஆர்னோ ஆற்றின் தண்ணீர் இதுவரை உயர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்தோடு சிற்பமும் உண்டு: அலை அலையாகத் தண்ணீர், அதைச் சுட்டிக்காட்டும் ஒரு கை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று நினைத்தே அந்தக் கையைச் செதுக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் கல்லிலும், முதல் வகுப்புப் பிள்ளைக்காக, ஒரு கை செதுக்கச் சொல்லியிருக்கிறேன். அதே சுவரில் அந்தக் கல்லுக்கு மேலே இன்னொரு கல் இருக்கிறது. அதுவும் நவம்பர் 4-ஆம் தேதியைச் சொல்வதுதான், ஆனால் ஆண்டு 1966. அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தெருவில் உயர்ந்து நின்ற குறியை ஆறு ஓர் இரவில் தாண்டியிருக்கிறது.

இதனால்தான் நம் கல்லில் "இதற்கு மேல் பாதுகாப்பு" என்ற பொருள் தரும் எந்தச் சொல்லும் இடம்பெறக் கூடாது என்று முடிவு செய்தோம். அந்த நாளில் வெள்ளம் எங்கே நின்றது என்பதை மட்டும் கல் சொல்லட்டும். அடுத்த வெள்ளம் எங்கே நிற்கும் என்று அதற்குத் தெரியாது.

ஜெர்மனியின் பாசாவ் நகரில் டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடுகின்றன. அங்கே நகர மன்றச் சுவரில் பல நூற்றாண்டு வெள்ளங்களின் குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. 2013 ஜூனில் 12.89 மீட்டர் வரை ஏறிய வெள்ளத்துக்கு மேலே இருப்பது 1501-ஆம் ஆண்டின் குறி ஒன்றே. நகரமே மூழ்கிய அன்று, இப்படியொன்று முன்பும் நடந்ததுண்டு என்று காட்ட அந்தச் சுவர் இருந்தது. ஜப்பானில் அனெயோஷி என்ற சிற்றூரிலோ, மலைப்பாதையில் நிற்கும் கல் உயரத்தைச் சொல்வதோடு நிறுத்தவில்லை. 1896, 1933 ஆகிய ஆண்டுகளின் ஆழிப்பேரலைகளில் ஊரே அழிந்த பிறகு, எஞ்சியவர்கள் இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அதில் எழுதிவைத்தார்கள். ஊரார் அதற்கு மேலேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள். 2011 மார்ச்சில் வந்த பேரலை அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றுவிட்டது. ஆற்றை விட்டு விலகிப்போக நமக்கு இடமில்லை, வயலும் அங்கேதான் இருக்கிறது. எனவே அப்படிக் கட்டளையிடும் கல் நமக்குப் பொருந்தாது. ஆனால் சேர்க்கைப் பதிவேடுகள், சத்துணவு அரிசி, மின் பலகை ஆகியவற்றை எந்த உயரத்துக்கு மேல் வைப்பது என்று தீர்மானிக்க அளவு ஒன்று வேண்டும். சென்ற முறை நனைந்தவை அவைதான்.

அளவெடுப்பதில் சில நுட்பங்கள் உண்டு. சுவரில் அழுத்தமாகத் தெரியும் கறை, தண்ணீர் அதிக நேரம் நின்ற உயரத்தைக் காட்டுவது. உச்சத்தை எட்டிச் சில மணி நேரத்தில் வடிந்த வெள்ளத்தின் கோடு அதற்கும் மேலே மங்கலாக இருக்கலாம். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் சுவரில் தண்ணீர் மோதி ஏறும் என்பதால், வெளிச்சுவரைவிட அறைக்குள் அமைதியாக நின்ற தண்ணீரின் கோட்டையே நம்பலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க்குழாயைக் கொண்டு அந்தக் கோட்டைத் தூணுக்குக் கொண்டுவருவோம். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்குமே, அதைப் போல நம் கல்லின் உயரத்தையும் குறிக்க விரும்புகிறோம். அப்படிச் செய்துவிட்டால் சாலை எத்தனை முறை உயர்ந்தாலும், இந்தத் தூணே இல்லாமல் போனாலும், அந்த அளவு பொருள் இழக்காது. அதற்காக ஒன்றியப் பொறியாளரின் உதவியைக் கேட்டிருக்கிறோம்.

இனி, உங்களிடம் வேண்டுவது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்த வாரம் வீட்டுக்கு ஒரு தாள் கொண்டுவருவார்கள். உங்கள் வீட்டில் 2023 வெள்ளத்தின் கறை இன்னும் இருந்தால், வாசற்படியின் மேல்விளிம்பிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பிள்ளையோடு சேர்ந்து நாடாவால் அளந்து எழுதுங்கள். கறை இல்லாவிட்டால், தண்ணீர் எந்தப் பொருளைத் தொட்டது என்று எழுதுங்கள்: சுவிட்சு, ஜன்னல் கம்பி, பரண், சாமி படம். ஞாயிறு இரவா, திங்கள் காலையா என்பதும் தேவை. 1992 வெள்ளத்தைக் கண்ட தாத்தா பாட்டிகள் இருந்தால், அவர்கள் சொல்வதைத் தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலந்துவிட வேண்டாம். அந்த நாட்களைப் பற்றிப் பேச மனமில்லாத குடும்பத்தினர் தாளை வெறுமையாகவே திருப்பி அனுப்பலாம். பிள்ளையிடம் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

கல்லில் தேதியும், கோடும், கையும், "வெள்ளம் இதுவரை வந்தது" என்ற ஒரு வரியும் இருக்கும். உபயம் என்று யாருடைய பெயரும் இருக்காது, தலைமையாசிரியர் பெயர் உட்பட. செலவைப் பிரித்துக்கொள்ள முன்வந்தவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல் தூணில் வேண்டாம், வேறிடத்தில் வைக்கலாம் என்றோ, வைக்கவே வேண்டாம் என்றோ கருதுபவர்கள் வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு நடைபெறும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தங்கள் கருத்தைச் சொல்லலாம். அளவுத் தாள்களைத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பினால், வண்ணம் பூசுபவர்கள் வருவதற்கு முன் வேலையை முடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி