கேக் வெட்டும் நேரத்தில் குழந்தை ஏன் அழுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் பிறந்தநாள் படங்களைப் புரட்டினால் ஒரு காட்சி அடிக்கடி தென்படும்: சுற்றி நிற்கும் அத்தனை பேரும் சிரிக்க, நடுவில் அழுது வீங்கிய கண்களோடு விழா நாயகர். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, புதுச்சட்டை குத்துகிறது என்று ஏதேதோ சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் கடிகாரம்தான். பெரிய குடும்பங்களின் விழாக்களை ஏற்பாடு செய்பவர்கள் என்ற முறையில், உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் சில விவரங்களை எழுதுகிறோம்.

ஒரு வயதுக் குழந்தை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்கும். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பகலில் இரண்டு தூக்கம் இருக்கும். ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று, நான்கு மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். அதிலும் முகம் தெளிவாக இருப்பது முதல் ஒன்றரை மணி நேரம். ஆகவே முதலில் ஒரு வாரம் குழந்தை எப்போது தூங்கி எப்போது எழுகிறது என்று குறித்து வையுங்கள். மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் எல்லாம் அதற்குப் பிறகு.

மதியத் தூக்கம் 3.30க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பால் கொடுத்து, டயப்பர் மாற்றி 4 மணிக்குக் கூடத்துக்கு வரலாம். 4.30க்குக் கேக். 5.10 வரை படங்கள். அதன்பின் குழந்தைக்கு அமைதியான ஓர் அறை. உறவினர்களுக்குச் சாப்பாடும் பேச்சும். நடப்பதோ தலைகீழ். 80 பேரை அழைத்த வீட்டில் கடைசிக் குடும்பம் வந்து சேரவே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். ‘இன்னும் பெரியவர் வரவில்லை’ என்று காத்திருந்து 6 மணிக்குக் கத்தியை எடுக்கும்போது குழந்தை களைத்துப்போயிருக்கும். இதற்கு அழைப்பிதழிலேயே வழி உண்டு: ‘4.30க்குக் கேக், 5 முதல் 7 வரை விருந்து’ என்று இரண்டு நேரங்களையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள். கேக்குக்கு வர நினைப்பவர் சீக்கிரம் வருவார். தாமதமாக வருபவருக்கும் விருந்து காத்திருக்கும், மனத்தாங்கலும் இருக்காது. இடம் சிறியதாக இருந்தாலும் இது கைகொடுக்கும். மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீட்டர் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காராவிட்டால் பாதி இடமே போதும்.

12 மாதத்தையொட்டித் தடுப்பூசி ஏதும் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். பல ஊசிகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஓரிரு நாளில் தணிந்துவிடும். தட்டம்மை ஊசிக்கு அப்படியல்ல, ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், விழாவைத் தள்ளிப்போடுங்கள்.

‘குடும்பத்தோடு வாருங்கள்’ என்று அழைத்தால் எண்ணிக்கை ஒருநாளும் சரியாக வராது. பத்து நாள் முன்பே வீட்டுக்கு வீடு கேட்டுப் பெரியவர், நடக்கச் சிரமப்படும் முதியவர், ஐந்து வயதுக்குட்பட்டவர் என்று மூன்று பத்திகளில் எழுதுங்கள். கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும். ஆளுக்கு 60 கிராம் என்று வைத்தால் 80 பேருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ கேக். அதை ஒரே கேக்காகச் செய்யச் சொல்லாதீர்கள். 80 துண்டு போட்டு முடிப்பதற்குள் சிறுவர்கள் மேசையைச் சூழ்ந்துவிடுவார்கள். வெட்டிப் படம் எடுக்க 1 கிலோ, சமையலறையில் முன்கூட்டியே துண்டு போட்டு வைக்க 4 கிலோ என்று பிரித்துக்கொள்வதே சுலபம்.

குழந்தைக்குத் தனியாக உள்ளங்கை அளவு, சர்க்கரை சேர்க்காத ஒன்று செய்துவிடுங்கள். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்த்த பண்டங்களைத் தவிர்க்கச் சொல்வதுதான் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, எள் இவற்றில் குழந்தை இதுவரை சாப்பிடாதது எதுவோ அதை விழா நாளில் முதன்முதலாகக் கொடுக்க வேண்டாம். ஒவ்வாமை தோன்றினால் அந்தச் சந்தடியில் உதட்டு வீக்கம் யார் கண்ணிலும் படாது. சில வாரங்களுக்கு முன்பே, ஒரு காலைப் பொழுதில், சிறிதளவு கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். தேன் 12 மாதம் நிறையாத குழந்தைக்கு ஆகவே ஆகாது. வசதிக்காக விழாவைச் சில நாள் முன்னதாக வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கூட்டத்தில் அதைவிடச் சின்னக் குழந்தைகளும் இருப்பார்கள்.

இனி அலங்காரம். எங்களுக்கு அதிகம் கவலை தருவது இதுதான். வெடித்த ரப்பர் பலூனின் துண்டு தொண்டையில் அதன் வடிவத்துக்கே ஒட்டிக்கொண்டு மூச்சை அடைத்துவிடும். எடுப்பது மிகக் கடினம். ஊதாத பலூனும் அப்படித்தான். பலூன்கள் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒன்று வெடித்தால் துண்டுகளைப் பொறுக்க ஒருவரை நியமியுங்கள். மலிவென்று ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை வாங்காதீர்கள், ஒரு மெழுகுவர்த்திச் சுடர் போதும். பனித்தூவலாகப் பீய்ச்சும் டப்பாக்களிலும் தீப்பற்றும் வாயு இருப்பதுண்டு, அதுவும் கேக்குக்கு முன்னால்தான் பீய்ச்சுவார்கள்! பாட்டுப் பாடும் மெழுகுவர்த்தி, இசை வாழ்த்து அட்டை, மின்னும் பேட்ஜ் ஆகியவற்றுக்குள் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எது ஆபத்தான அளவு என்று பார்க்க எளிய வழி: டாய்லெட் பேப்பர் சுருளின் உள்குழாய்க்குள் புகும் எதையும் குழந்தை இருக்கும் தரையில் விடாதீர்கள்.

மேசை விரிப்பு தொங்கக் கூடாது. பிடித்து நிற்கப் பழகும் குழந்தை அதைத்தான் முதலில் இழுக்கும், மேலே சூடான பானம் இருக்கும். கேக்கைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் 60 செ.மீ. தள்ளி வையுங்கள். மெழுகுவர்த்தியைப் பாட்டு தொடங்கும்போது ஏற்றினால் போதும். இந்த வயதில் ஊதத் தெரியாது, பிடிக்கத்தான் தெரியும்.

பெரிய குடும்பத்தில் குழந்தை கைமாறிக்கொண்டே இருக்கும். எட்டு, ஒன்பது மாதத்திலிருந்தே புதுமுகத்தைக் கண்டு மிரளும் இயல்பு வந்துவிடும். ‘என்னிடம் வரமாட்டேன் என்கிறானே’ என்று அத்தையோ சித்தப்பாவோ வருந்த ஒன்றுமில்லை. முதலில் தாயிடம் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். குழந்தை உங்களைப் பார்த்துப் பழகியபின் கையை நீட்டுங்கள். படத்துக்கும் இதே பொறுமை வேண்டும். குடும்பவாரியாக முன்பே பட்டியல் எழுதிக்கொண்டால் குழுவுக்கு இரண்டு நிமிடம், பதினைந்து குழு என்றாலும் அரை மணி நேரத்தில் முடியும். குழந்தை ஒருவர் மடியிலேயே இருக்க, குழுக்கள் மாறட்டும். முதியவர்களை முதலில் அழைத்துவிடுங்கள்.

எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். குழந்தையின் பொறுப்பு 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று பெயர் எழுதிக் கொடுங்கள். ஒப்படைக்கும்போது ‘இனி உங்கள் முறை’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரவேற்பு, பரிமாறல், படம், சிறுவர் விளையாட்டு நான்குக்கும் தனித்தனி ஆள் வேண்டும். பெற்றோருக்கு அன்று எந்த வேலையும் தரக் கூடாது. இதை மட்டும் கறாராகவே சொல்கிறோம்.

சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். விருந்து 7 மணி வரை என்றால் பாதியை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்துப் பிறகு எடுங்கள்.

பரிசுகளை அன்றே பிரிக்க வேண்டாம். யார் தந்தது என்று பொட்டலத்தின் மேலேயே எழுதிவைத்து, பிறகு பெட்டியில் உள்ள வயதுக் குறிப்பைப் பார்த்துப் பிரித்தெடுங்கள். காந்தம் உள்ள பொம்மை, கழன்று வரும் மணி, மூடி திருகப்படாத பேட்டரிப் பொம்மை மேல் அலமாரிக்கு. கூடத்தை அன்றிரவே பெருக்கி, நாற்காலிகளையும் நகர்த்திப் பலூன் துண்டு, குண்டூசி, ஜிகினா கிடக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையைத் தரையில் இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப விழா ஏற்பாட்டாளர்கள் இருவர்