செயலாளரின் ஆண்டறிக்கை 2024: கிரவல் பாதைத் திட்டம் பற்றிய விளக்கத்துடன்

அன்பார்ந்த தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், இன்று மண்டபத்துக்கு நேரில் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராத அங்கத்தவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை வட்ஸ்அப்பில் போகும். வழமைபோல அங்கிருந்து ஒரு கட்டைவிரல் திரும்பி வரும்.

பரிஸில் உள்ள நமது சைக்கிள் சங்கத்தின் யாப்பின்படி கடந்த ஆண்டின் நடவடிக்கைகளைப் பொதுச்சபையின் முன் வைப்பது செயலாளரின் கடமை. அதைச் செய்கிறேன்.

பொங்கல் ஒன்றுகூடல் தை மாதத்தில் நடைபெற்றது. சில்லுக் கழற்றிப் பூட்டவும் ஒட்டுப் போடவும் பழக்கும் வகுப்பு சித்திரையில் நடந்தது. பிள்ளைகளுக்கான ஓட்டம் வைகாசியில் நடந்து, பரிசுகளும் வழங்கப்பட்டன. நிர்வாகசபை கூடவேண்டிய தடவைகள் கூடியது. ஒருமுறை மட்டும் ஆட்கள் போதாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தது.

ஞாயிறு காலைச் சைக்கிள் ஓட்டம் இந்த ஆண்டும் பரிஸின் லா வில்லெத்திலிருந்து உர்க் கால்வாய்க் கரையோரமாகவே போனது. லா சப்பலில் கடை வைத்திருப்பவர்களுக்கும், பொண்டி, செவ்ரோன் பக்கம் வசிப்பவர்களுக்கும் இதைவிட வசதியான பாதை இல்லை. பரிஸ் நகருக்குக் குடிதண்ணீர் கொண்டுவர 1802 இல் நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாய் அது. கிளே-சூயி வரைக்கும் தார் போட்ட சைக்கிள் பாதை, அதற்கு அங்கால் மண் பாதை. நம்மவர்கள் தார் முடிகிற இடத்தில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஆடி, ஆவணியில் ஒலிம்பிக் நடந்தபோது வில்லெத் பூங்கா முழுக்கச் சனம் என்பதால், சில ஞாயிறுகளில் பொண்டியிலிருந்தே தொடங்கினோம். ஐப்பசியில் வைத்திருந்த ஓட்டம் கிர்க் புயல் கொட்டிய மழையால் கைவிடப்பட்டது.

இனி, பலரும் பலவிதமாகப் பேசிக்கொண்டிருக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

தார் முடிகிற இடத்தில் ஏன் திரும்பவேண்டும் என்ற கேள்வியிலிருந்துதான் கிரவல், அதாவது சரளைப் பாதைத் திட்டம் பிறந்தது. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் இதை முன்வைத்தபோது ஒருவரும் எதிர்க்கவில்லை. கூட்டக் குறிப்பில் அது இருக்கிறது. சாப்பாடு பரிமாறும் நேரமாக இருந்தபடியால் எதிர்க்கவில்லை என்று இப்போது சொன்னால் அதற்கு நான் பொறுப்பல்ல.

திட்டம் இதுதான். பரிஸ் ஈஸ்ட் ஸ்டேசனில் சனிக்கிழமை காலை பி (P) ரயிலில் சைக்கிளோடு ஏறி நாந்தெய்-சாசியில் இறங்குவது. நம்மில் அநேகர் வேலைக்குப் போகும் அதே நவிகோ பயண அட்டை அந்த நிலையம் வரை செல்லும். அதற்கு அடுத்த நிலையத்துக்கு வேறு சீட்டு எடுக்கவேண்டும். கிழமை நாட்களில் வேலை நேர நெரிசலில் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள், சனி ஞாயிறில் தடையில்லை. இறங்கியதும் பாலத்தால் மார்ன் ஆற்றைக் கடந்தால் எதிரில் திராட்சைத் தோட்டம். அதுவும் வெறும் திராட்சை இல்லை, ஷாம்பெயின் என்ற பெயர் போடச் சட்டம் அனுமதிக்கும் திராட்சை. சாசி, சித்ரி, நாந்தெய் ஆகிய மூன்று ஊர்களும் பரிஸ் பிராந்தியத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு அந்த ஷாம்பெயின் எல்லைக்குள்ளும் அடங்குகின்றன. இருபது வருடமாக இந்த நாட்டில் நவிகோ அட்டையோடு திரியும் நமக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

அங்கிருந்து குரூத், சார்லி, சோல்ஷெரி, அசி என்று ஆற்றின் வலக்கரைச் சரிவில் ஏறியும் இறங்கியும் ஷத்தோ-தியெரி போய்ச் சேருவது முதல் நாள். லா ஃபொந்தேன் 1621 இல் பிறந்த ஊர் அது. நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் காகமும் நரியும் அவருடைய பாட்டுத்தான். இரண்டாம் நாள் மோன்-சன்-பேர், ஜோல்கொன், த்ரெலூ வழியாக டொர்மோன். அங்கிருந்து ஆற்றோரம் நல்ல பாதை எபெர்னே நகரம் வரை கிடைக்கும். காலில் பலம் உள்ளவர்கள் கியூமியேரில் பிரிந்து ஓவிலே ஏற்றத்தில் ஏறலாம். டொம் பெரிஞோன் என்று ஷாம்பெயின் போத்தலில் பெயர் வருகிற துறவி 1715 இல் இறந்து அடக்கமான கோயில் அந்த மேட்டில்தான் இருக்கிறது.

இந்தப் பாதையை மெல்லிய ரயர் போட்ட ரோட் சைக்கிளில் ஓடலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்துப் பாதைகள் பாதி கொங்கிறீற், பாதி வெள்ளைச் சரளையும் புல்லும். கொங்கிறீற் போட்டது மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்க; சைக்கிள்காரருக்காக அல்ல. சில ஏற்றங்கள் பத்து வீதத்துக்கும் மேல். மேலே ஏறிக் காட்டு ஓரம் போனால் களிமண். 2024 இல் வசந்தம் முழுக்க மழை, அந்தக் களி குழைத்த கோதுமை மாப்போலச் சில்லில் அப்பிக்கொண்டு, இருபத்தைந்து மில்லிமீற்றர் ரயர் போட்ட சைக்கிளில் சில்லையே சுத்த விடாது. சரளைக்கென்றே செய்த கிரவல் சைக்கிளில் நாற்பது, நாற்பத்தைந்து மில்லிமீற்றர் ரயர் போட இடமிருக்கும். காற்றும் ஆறு பார் அழுத்தத்துக்கு அடிக்கத் தேவையில்லை, ஆளின் நிறையைப் பொறுத்து இரண்டு இரண்டரை போதும். கல்லில் துள்ளாது, சரளையில் வழுக்காது. ரியூப் இல்லாமல் உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றி ஓடினால் சின்னச் சின்ன முள்ளுக்கெல்லாம் நிற்கவேண்டியதில்லை. லா ஃபெர்த்தே-சூ-ஜுவார் பக்கத்துக் கல் ஒருகாலம் அமெரிக்காவுக்கே திரிகைக்கல்லாகப் போன கல். அதன்மேல் மெல்லிய ரயரில் ஓடிப் பார்க்க விரும்பும் அங்கத்தவரை நான் தடுக்கவில்லை. வன்னியில் கிரவல் றோட்டில் பின்னால் ஒரு மூட்டை நெல்லும் வைத்து ஓடியவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படவில்லை.

“சங்கத்தைச் செயலாளர் தன் ஆசைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்” என்று ஒரு பேச்சு. 2024 யூலை 7 ஆம் திகதி டூர் டு பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஒன்பதாம் கட்டம் துருவா நகரில் தொடங்கித் துருவாவில் முடிந்தது. ஷாம்பெயின் பிராந்தியத்தின் தென்பக்கம், ஓப் மாவட்டம். பதினாலு துண்டுகளாக முப்பத்திரண்டு கிலோமீற்றர் வெள்ளைச் சரளைப் பாதை அதில் இருந்தது. அந்தோனி துர்ஜிஸ் வென்றார். அன்று பலர் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து குழுவில் படம் படமாகப் போட்டீர்கள். டூரே சரளையில் இறங்கிவிட்டது, நம் சங்கம் இறங்கினால் மட்டும் ஆசையா? அவர்கள் ரோட் சைக்கிளில்தானே ஓடினார்கள் என்று ஒரு அங்கத்தவர் உடனே எழுதினார். உண்மைதான். அவர்களுக்குப் பின்னால் மேலதிகச் சில்லுகளோடு கார் வருகிறது. நம் சங்கத்துக்கு இருப்பது காற்றடிக்கும் ஒரே ஒரு நிலப் பம், அதுவும் இரண்டு வருடத்துக்கு முன் இரவல் வாங்கியவர் வீட்டில் இருக்கிறது.

நாள் குறித்ததிலும் குறை சொன்னார்கள். ஆனி, ஆடியில் போகாததற்குக் காரணம் மருந்து. ஈரத்தால் கொடிகளில் பூஞ்சண நோய் கடுமையாக இருந்த ஆண்டு அது. கொடி வரிசையைக் காலுக்கிடையில் விட்டு மேலால் ஓடும் உயரமான இயந்திரங்களில் ஓயாமல் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரம் அதற்குள் போய் மூச்சு வாங்குவது நல்லதல்ல. புரட்டாசியில் அறுவடை. ஷாம்பெயினில் குலையைக் கையால்தான் பறிக்கவேண்டும் என்பது விதி, ஆகவே ஊர் முழுக்க வேலையாட்கள், உழவு இயந்திரங்கள், தங்க அறை கிடையாது. ஆகவே ஆவணிக் கடைசி என்று தீர்மானித்தேன். கறுப்புத் திராட்சை இனங்கள் நிறம் மாறி முடியும் காலம், பாதை காய்ந்திருக்கும், பள்ளி தொடங்க இன்னும் நாள் இருக்கும். இதைவிட நல்ல நாள் தெரிந்தவர் அப்போதே சொல்லியிருக்கலாம்.

பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர். ஈஸ்ட் ஸ்டேசனுக்கு வந்தவர்கள் ஒன்பது. உணவகத்தில் வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை லீவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தக் குசினியிலிருந்துதான் வந்தேன். அவர்கள் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். வெள்ளி இரவு பதினொரு மணிக்கு “கட்டாயம் வாறன் அண்ணை” என்று குரல் பதிவு போட்டுவிட்டு, ஞாயிறு பின்னேரம் யாரோ வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாப் படத்தில் வேட்டியோடு நிற்பவர்கள் பற்றித்தான் கவலை. தங்குமிடத்துக்கு முற்பணம் கட்டியது சங்கம். அது திரும்பி வராது.

சில வீடுகளில் வேறு சந்தேகமும் இருந்ததாக அறிந்தேன். ஷாம்பெயின் என்ற பெயரைக் கேட்டதும் இரண்டு நாள் குடிக்கத்தான் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காமார், தங்கச்சிமார் முன்னிலையில் பதிவு செய்கிறேன்: பார்த்தது கொடி, குடித்தது பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணி, சாப்பிட்டது பகெட்டுக்குள் வைத்த கட்டைச் சம்பலும் மீனும். காரோட்டிக்கு உள்ள அதே மதுச் சட்டம், இரத்தத்தில் லீற்றருக்கு அரைக் கிராம், சைக்கிள் ஓட்டிக்கும் இந்த நாட்டில் உண்டு. எபெர்னேயில் ஞாயிறு பின்னேரம் ரயிலுக்கு நேரம் இருந்தது. அந்த அரை மணித்தியாலம் பற்றி அறிக்கையில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை.

போன ஒன்பது பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள். குரூத்துக்கு மேலே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் நம்மை மறித்தபோது, பாதை தனியாருடையதாக்கும் என்று நினைத்தோம். அவர் சைக்கிள்களைப் பற்றி விசாரிக்கத்தான் மறித்தார். பிறகு கொடியைக் காட்டி, பள்ளத்தாக்கில் அதிகம் இருப்பது மூனியே என்ற திராட்சை இனம் என்றும், அது பிந்தித் துளிர்ப்பதால் சித்திரைப் பனிக்கு ஓரளவு தப்பும் என்றும் சொன்னார். இந்த ஆண்டு ஹெக்டேயருக்குப் பத்தாயிரம் கிலோ என்று பறிக்கக்கூடிய உச்ச அளவைக் குறைத்துவிட்டார்கள், தன் நிலத்தில் அதுவும் தேறாது என்றார். ஆளணி போதாது, பறிக்க வருகிறீர்களா என்றும் கேட்டார். நம்மில் ஒருவர் உடனே சம்பளம் என்ன என்று கேட்டுவிட்டார். த்ரெலூவில் நிற்கும்போது, 1890 இல் ஷாம்பெயினில் கொடியின் வேரை அழிக்கும் பிலொக்செரா பூச்சி முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் இது என்று நான் சொல்லத் தொடங்கினேன்; எட்டுப் பேரும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். ஷத்தோ-தியெரிக்கு மேலே 204 ஆம் குன்றில் முதல் உலகப் போரில், 1918 இல், போரிட்ட அமெரிக்கப் படையினருக்கான பெரிய நினைவுத் தூண்கள் இருக்கின்றன. அங்கே மட்டும் எல்லோரும் இறங்கி நின்றோம், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, மீதி சிறியது. காப்புறுதி, மண்டப வாடகை, பரிசுகள், தங்குமிட முற்பணம், பொதுப் பாவனைக்கு வாங்கிய ரயர்கள் என்பன முக்கிய செலவுகள். ரயர்கள் செயலாளர் வீட்டு நிலவறையில் இருப்பது அங்கே இடம் இருப்பதால்தான். யாரும் வந்து எண்ணிப் பார்க்கலாம்.

வரவு ஏன் சிறியது என்பதைச் சொல்லவேண்டும். ஆண்டுச் சந்தா ஒரு குடும்பம் லா சப்பலில் ஒருநேரம் கொத்துரொட்டி சாப்பிடும் காசு. அங்கத்தவர்களில் பாதிப் பேர்கூட முழுவதும் கட்டவில்லை. நினைவூட்டல் போட்டால் குழுவிலிருந்து வெளியேறுகிறார்கள், பொங்கலுக்கு முதல் கிழமை திரும்பிச் சேருகிறார்கள். கட்டாதவர்களின் பெயரை வாசிக்கும்படி சிலர் கேட்டார்கள். இந்த ஆண்டு வாசிக்கவில்லை.

நன்றி கூறவேண்டியவர்கள்: தலைவர் அவர்கள், பொருளாளர் அவர்கள், பரிசு அன்பளித்த வர்த்தகர்கள், மண்டபம் தந்த நகரசபை, சம்பல் இடித்துத் தந்த அக்கா, ஒன்பது பேரின் வீட்டார்.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே பேசுகிறேன். இரண்டு கிரவல் சைக்கிள்களைச் சங்கம் பழையதாக வாங்கி, விரும்பும் அங்கத்தவருக்கு முறைவைத்துக் கொடுத்தால், சைக்கிள் இல்லை என்ற சாட்டு இல்லாமல் போகும். எபெர்னேயிலிருந்து, மார்ன் ஆற்றோடு போகும் பக்கக் கால்வாய்க் கரையால் கிழக்கே போகும் பாதையையும் வரைந்து வைத்திருக்கிறேன். ஆனால் இதெல்லாம் அடுத்த செயலாளரின் விருப்பம். நான் இந்தப் பொறுப்பில் கனகாலம் இருந்துவிட்டேன், இளையவர் யாராவது முன்வந்தால் வரைபடங்கள், சாவி, வங்கிக் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் முன்வராவிட்டால், சைக்கிள் வாங்கும் தீர்மானத்துக்குச் சபை ஆதரவு தருமானால், இன்னொரு வருடம் யோசிக்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தீர்மானம் தேத்தண்ணி இடைவேளைக்குப் பின் வாக்கெடுப்புக்கு வரும். யாப்பின்படி சந்தா கட்டியவருக்கே வாக்கு. பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலடியில் இருக்கிறார், வங்கி அட்டையும் எடுப்பார்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்